டப்பாவில் ஓர் ஆப்பிள் துண்டு

கண்மணியின் அப்பாவுக்குச் சாத்தூரில் காராசேவுக் கடை. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குப் பலகாரத்தை நாக்குக்கு முன்னால் காதுதான் ருசி பார்க்கும். கடித்தால் சத்தம் வரவேண்டும். வராவிட்டால் நமுத்துப் போய்விட்டது என்று அர்த்தம். மழைக்காலத்தில் டப்பா மூடியைச் சரியாக மூடாதவர்கள் அந்த வீட்டில் சாப்பிட்டு முடிக்கிறவரை பேச்சு வாங்குவார்கள்.

இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்ட ரவிச்சந்திரன், மேற்கு பெர்லினில் ஒரு லேபில் உலோகங்களைச் சூடாக்குவதும் ஆறவைப்பதுமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். 1963-ஆம் வருஷக் கோடையில் அவளையும் அங்கே அழைத்துக்கொண்டான். வெர்னர் அம்மாள் என்ற விதவையின் வீட்டில் அவர்களுக்கு ஓர் அறை; சமையலறை பொது. முதல் மாதம் கடுகு தாளிக்கும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்துவிட்ட அம்மாள், இலையுதிர் காலம் வருவதற்குள் எதிரே உட்கார்ந்து ரசத்தைக் கிண்ணத்தில் வாங்கிக் குடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். கண்மணியின் ஜெர்மன் அரைகுறை. ஆனால் சமையலறையில் இரண்டு பெண்களுக்கு அதுவே தாராளம்.

அம்மாளுக்கு ஒரே தங்கை, ட்ரூடே. அதே ஊரில்தான் இருந்தார், ஆனால் ஊரை இரண்டாகப் பிரித்த சுவருக்கு அந்தப் பக்கம். முன்பெல்லாம் ஒவ்வொரு டிசம்பரிலும் ட்ரூடே ரயிலேறி வந்து, இதே மேஜையில் அக்காவும் தங்கையுமாக அவர்கள் அம்மா செய்த பிஸ்கட்டைச் செய்வார்களாம். சுவர் எழும்பியதும் அது நின்றுபோயிற்று. வெளிநாட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போய்வரலாம். ரவிச்சந்திரனே ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப் நண்பர்களோடு அங்கே மியூசியம் பார்த்துவிட்டு வந்திருந்தான். மேற்கு பெர்லின்காரர்களுக்குத்தான் வழியில்லை. இதை அவன் ஒரு விசித்திரமாகச் சொன்னபோது, இந்த ஊரில் எதுதான் விசித்திரம் இல்லை என்று கண்மணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சுவர் வந்தபின் இரண்டு வருஷமும் அம்மாள் பிஸ்கட்டைப் பார்சலில் அனுப்பினார். இரண்டு தடவையும் அது தூளாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டேன் என்று ட்ரூடே எழுதியிருந்தாராம். அதைச் சொல்லும்போது அம்மாள் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த டிசம்பர் தொடக்கத்திலும் பிஸ்கட் போட்டார்கள். கண்மணியும் கூடச் சேர்ந்துகொண்டாள். மாவு, வெண்ணெய், சர்க்கரை. பிசைந்ததை ஜன்னல் ஓரக் குளிரில் இறுக வைத்து, மெல்லிசாகத் தேய்த்து, தகர அச்சால் வட்டம் வட்டமாக வெட்டினார்கள். பாதி வட்டங்களுக்கு மட்டும் நடுவில் ஓர் ஓட்டை. ஓவனிலிருந்து எடுத்ததும் முழு வட்டத்தில் புளிப்பான சிவப்பு ஜாமைத் தடவி, ஓட்டை வட்டத்தை அதன் தலையில் கவிழ்த்து, பொடித்த சர்க்கரையைத் தூவினார்கள். ஷ்பிட்ஸ்பூபன் என்று பெயர். போக்கிரிப் பையன்கள் என்று அர்த்தமாம். ஓரம் உடைந்த ஒன்றை அம்மாள் கண்மணியிடம் கொடுத்தார். கடித்தாள். மொறுக்கென்று ஒரு சத்தம். சாத்தூரிலிருந்து பெர்லின்வரை உலகம் ஒரே ஒழுங்கில்தான் நடக்கிறது என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது. மீதியைத் தகர டப்பாவில் அடுக்கி, குளிர்ந்த அலமாரியில் வைத்து அம்மாள் மூடிவிட்டார்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. மேற்கு பெர்லின்காரர்களுக்கு, பண்டிகை நாட்களில் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களைப் பார்க்க ஒருநாள் பெர்மிட் தரப்போகிறார்களாம். அம்மாள் ரேடியோவின் மேல் கைவைத்தபடி நின்றார். மறுநாள் விடிவதற்குள் கம்பளிக் கோட்டும் இரண்டு ஜோடி காலுறையுமாக, மனு வாங்குகிற பள்ளிக்கூட வாசல் வரிசையில் போய் நின்றார். மனுக் கொடுக்க ஒரு நாள் நின்றார், பெர்மிட்டை வாங்க இன்னொரு நாள் நின்றார். பனியில் கால் மரத்துப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: இந்த வருஷம் பிஸ்கட் தூளாகாது, என் மடியிலேயே வைத்துக்கொண்டு போவேன்.

பெர்மிட் வாங்கப் போன அந்த நாளில்தான் கண்மணி டப்பாவைத் திறந்தாள். தூசி துடைக்கும்போது சும்மா ஒருமுறை பார்க்கலாமே என்றுதான். உள்ளே பிஸ்கட்டின் மேல், ஒரு காகிதத்தில், வெட்டிய ஆப்பிள் துண்டு ஒன்று கிடந்தது. அவளுக்குப் பகீரென்றது. ஈரப் பழத்தைக் கொண்டுபோய் யாராவது பலகார டப்பாவில் வைப்பார்களா? பாவம், தங்கை நினைப்பில் மறந்து வைத்திருக்கிறார் என்று தோன்றியது. ஒரு பிஸ்கட்டை எடுத்து ஓரத்தை அழுத்திப் பார்த்தாள். பஞ்சு போல அமுங்கியது. எல்லாம் நமுத்துப் போயிருந்தது.

ஆப்பிளைக் குப்பையில் போட்டாள். சாத்தூரில் அப்பா கடையிலிருந்து எடுத்துவரும் நமுத்த சேவை அவள் அம்மா வெறும் வாணலியில் போட்டுப் புரட்டியெடுப்பாள். அது புதுசுபோல ஆகிவிடும். இங்கேதான் ஓவன் இருக்கிறதே. அந்தம்மாள் குளிரில் நின்றுவிட்டு வருவதற்குள் அத்தனையையும் மொறுமொறுவென்று ஆக்கி, பழையபடி அடுக்கி, ஒன்றுமே நடக்காததுபோல மூடி வைத்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். உதவி செய்கிற சந்தோஷத்தில் பாட்டுகூட முணுமுணுத்தாள்.

தீய்ந்த வாசனை வந்தபிறகுதான் பாட்டு நின்றது. ஜாம் கொதித்து ஓட்டை வழியாகப் பொங்கி, தட்டில் ஓடி, கமர்கட்டுபோல இறுகிவிட்டது. மேலே தூவிய சர்க்கரை காப்பி நிறத்தில் இருந்தது. ஒன்றைப் பெயர்க்கப் பார்த்தாள், உடைந்தது. சத்தம் மட்டும் பிரமாதமாக வந்தது.

அம்மாள் பெர்மிட்டோடு உள்ளே வந்தபோது மூக்கு சிவந்து, முகம் சின்னப்பெண் முகமாக இருந்தது. மேஜைமேல் இருந்த தட்டைப் பார்த்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

கண்மணி தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டினாள். ஈரம், ஆப்பிள், கெட்டுவிட்டது, நான் சரிசெய்தேன். அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். பிஸ்கட் மிருதுவாக வேண்டும் என்றுதான் அந்த ஆப்பிள். புதிதாக இருக்கும்போது அது வெறும் பிஸ்கட். டப்பாவில் ஒரு வாரமாவது கிடந்து, ஜாமும் மாவும் ஒன்றாகி, வாயில் தானாகக் கரைந்தால்தான் அது அவர்கள் அம்மாவின் பிஸ்கட். பயணமோ நாளை மறுநாள். சொல்லி முடித்ததும் எழுந்து தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று கண்மணி நின்ற இடத்திலேயே அழுதாள்.

சாயங்காலம் லேபிலிருந்து வந்த ரவிச்சந்திரன், கடையில் நல்ல பிஸ்கட்டாகப் பார்த்து ஒரு பாக்கெட் வாங்கிவிடலாம் என்றான். கண்மணி பார்த்த பார்வையில் அந்த யோசனையை உடனே வாபஸ் வாங்கினான். அவளுக்கு மனம் ஆறவே இல்லை. இத்தனை நாள் காத்திருந்து தங்கையைப் பார்க்கப் போகிறவளை நான் வெறுங்கையோடு அனுப்புகிறேனே என்று அடித்துக்கொண்டாள்.

காலையில் அம்மாள் காப்பி போட வந்தபோது, கணவனைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. வட்டத்த இன்னைக்கு நானும் அவங்களும் சுட்டுருவோம். ஒட்ட வேண்டாம். ஜாமையும் சர்க்கரையையும் தனியா எடுத்துட்டுப் போகட்டும். தங்கச்சி வீட்டு மேஜையில வச்சு ரெண்டு பேருமா ஒட்டட்டும்."

அவன் சொன்னான். அம்மாள் காப்பிக் கெட்டிலைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டார். பிறகு கெட்டிலை இறக்கி வைத்துவிட்டு, மாவு டப்பாவை எடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அம்மாள் போனார். இரவு எப்போதோ திரும்பினார். அடுத்த நாள் காலையில் எதிரே உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். வாசலில் ட்ரூடேயைக் கட்டிக்கொண்டு அழுததோடு பேச்சு தீர்ந்துவிட்டதாம். இரண்டு வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்திருந்ததில் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் விருந்தாளிகள்போல எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்களாம். ஜாம் பாட்டிலைத் திறந்தபிறகுதான் சரியானதாம். ட்ரூடே எப்போதும்போல ஜாமை அள்ளி அப்பினாராம். அக்கா எப்போதும்போல அதட்டினாராம். சண்டை வந்ததும் பேச்சும் வந்துவிட்டதாம்.

"முடிஞ்ச பிஸ்கட்ட நீட்டிட்டு உட்கார்ந்திருந்தா, அதத் தின்னுட்டு அழுதுட்டு வந்திருப்பேன்" என்றார் அம்மாள்.

எல்லாவற்றையும் ட்ரூடேயின் டப்பாவில் அடுக்கி, ஆப்பிள் துண்டு வைத்து மூடிவிட்டு வந்திருந்தார். பதமாக ஒரு வாரம் ஆகும். அம்மாளின் பெர்மிட்டோ அந்த ஒரு நாளோடு சரி. அதைச் சொல்லும்போது அம்மாள் தம் கையைப் பார்த்துக்கொண்டார். இந்த வருஷம் அவர் வாய்க்கு அந்த பிஸ்கட் இல்லை.

அப்போதுதான் கண்மணிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மியூசியம் ஞாபகம் வந்தது. யாரோ எவரோ கல்சிலை பார்க்கப் போய்வருகிற இடத்துக்குக் கூடப்பிறந்தவள் போகமுடியாது. இத்தனை மாதம் இதே மேஜையில் உட்கார்ந்து ரசம் குடித்தவர், நீ ஒரு நடை போய்வருகிறாயா என்று வாயைத் திறந்து கேட்டதில்லை. குடியிருக்கிறவளிடம் கேட்பது முறையில்லை என்று நினைத்திருப்பார். தனக்காவது அது தோன்றியதா என்று கண்மணிக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, அம்மாளிடம் ட்ரூடேயின் விலாசத்தை வாங்கி, பாஸ்போர்ட்டோடு பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். தனியாக ரிஸ்க் எடுக்க வேண்டாம் என்று ரவிச்சந்திரன் சொல்லிப் பார்த்தான். லேபில் உலை எரிந்துகொண்டிருந்ததால் அவனால் உடன்போக முடியவில்லை. பிஸ்கட் வாங்கிவரத்தான் என்றாலும், வெறும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அப்பா அனுப்பியிருந்த கடலைமாவில் காராசேவு பிழிந்து அதை நிரப்பிக்கொண்டாள். எல்லையில் ஓர் இளம் சிப்பாய் டப்பாவைத் திறக்கச் சொன்னான், முகர்ந்து பார்த்தான், தும்மினான், போகச் சொன்னான்.

ட்ரூடே அக்காவைப்போலவே இருந்தார், இன்னும் கொஞ்சம் குட்டையாக. சேலைமேல் ஓவர்கோட்டோடு நின்றவளைப் பார்த்ததும், ஓவனில் வைத்தவள் நீதானே என்று கேட்டார். கண்மணி தலையைக் குனிந்துகொண்டாள். ட்ரூடே அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, தட்டில் ஒரு பிஸ்கட்டை வைத்தார்.

கண்மணி கடித்தாள். சத்தமே இல்லை. உதட்டில் சர்க்கரையும் நாக்கில் புளிப்பும் இருந்தன. நடுவில் மாவு எப்போது கரைந்தது என்றே தெரியவில்லை. நமுத்துத்தான் போயிருந்தது. இத்தனை நன்றாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

ட்ரூடே காராசேவில் ஒன்றை வாயில் போட்டார். கடக்கென்ற சத்தத்தில் அவரே திடுக்கிட்டார். காரத்தில் கண்ணீர் வர, மிக நல்லது, மிக நல்லது என்றார். பாதி பிஸ்கட்டை எண்ணாமல் அள்ளிக் கண்மணியின் டப்பாவில் அடுக்கி அக்காவுக்கு என்றார். சேவைத் தம் டப்பாவில் பத்திரமாகக் கொட்டினார். பிறகு கத்தியை எடுத்து, ஓர் ஆப்பிளில் அழகாக ஒரு துண்டு வெட்டி, சேவின்மேல் வைத்து மூடினார்.

கண்மணி வாயைத் திறந்தாள். ட்ரூடேயின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

வீட்டில் வெர்னர் அம்மாள் கோட்டோடு வாசலிலேயே நின்றிருந்தார். டப்பாவை வாங்கி, நின்றபடியே ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அது கரைகிற வரையில் கண்மணி காத்திருந்தாள். அப்புறம் கண்மணி சேவுக்கு நேர்ந்த கதியைச் சொன்னாள். அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

"அடுத்த மாசமும் போவியா?" என்று கேட்டார். அவர் தமக்காக அவளிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

போவேன் என்றாள் கண்மணி.