செண்பகவல்லியின் வளைகாப்பு

ஊரிலிருந்து வந்த வானமாமலை தலைச்சுமையை இறக்கி வைத்ததும் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை; செண்பகவல்லி எங்கே என்றுதான் கேட்டார். வாசலில், வீங்கிய கால்களை ஒரு பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய், அக்கா குழாயடிக்குப் போயிருக்கிறாள், வரும் நேரந்தான் என்று சொல்லி அவரை உட்கார வைத்தாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. கணவன் வெயிலுமுத்துவின் அண்ணன் மனைவி, ஓரகத்தி. ஆனால் தாராவியின் அந்தச் சந்தில் அவர்களைப் பார்ப்பவர்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றே நினைத்தார்கள். ஆறுமுகத்தாயும் அப்படித்தான் நினைத்திருந்தாள், விவரம் கெட்டவள்.

வானமாமலை செண்பகவல்லியின் ஊர்க்காரர். தோல் கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயிலேறியவரிடம் அவளுடைய அம்மா ஒரு மூட்டையைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அவர் அதை அவிழ்த்துக் கருப்பட்டியை எடுத்து வைத்தார், சுக்கை எடுத்து வைத்தார், பேறுகால மருந்துச் சரக்கை எடுத்து வைத்தார். அடியில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய வேட்டித் துணிகள் இருந்தன. பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கக்கூடாது, அதனால் பழசு. ஓரகத்தியின் அம்மாவுக்குத் தன்மேல் இவ்வளவு பிரியமா என்று ஆறுமுகத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் அவர் அவள் வயிற்றைக் கவனித்தார்.

"உங்களுக்கும் இந்த மாசந்தானா தாயி? ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளத்தாச்சி. நல்லதுதான். செண்பகம் வளையல் போட்டு எடுத்த போட்டோவ அவ அம்ம ஒரு வீடு விடாமக் காட்டிட்டாவ. பதினாலு வருசங் கழிச்சு வயிறு தெறந்திருக்கே, சும்மாவா."

ஆறுமுகத்தாய் பருப்பைக் கீழே வைத்தாள். அவர் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டு பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்தப் போட்டோ அவளுக்குத் தெரியும்.

ஏழாம் மாதம் வளையல் போட்டபோது அவளேதான் செண்பகவல்லியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிள்ளைத்தாச்சிக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டால் பிள்ளையில்லாதவளுக்கும் தங்கும் என்பது ஊர் வழக்கம். செண்பகவல்லி வேண்டாம் வேண்டாம் என்று கூச்சப்பட்டாள். சந்துப் பெண்கள் கேலி செய்து, சந்தனம் பூசி, இரண்டு கையும் நிறைய அடுக்கிவிட்டார்கள். மறுநாள் ரெண்டு பேருமாகப் போட்டோ எடுக்கலாம் என்று மாட்டுங்காவுக்குக் கிளம்பினார்கள். ஸ்டுடியோப் படி ஏறியதில் ஆறுமுகத்தாய்க்கு மூச்சு வாங்கியது. நீ உட்காரு, நான் மட்டும் எடுத்துக்கிறேன் என்றாள் அக்கா. சேலையைத் தளரக் கட்டி, மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்ததை ஆறுமுகத்தாய் பெஞ்சிலிருந்து பார்த்துச் சிரித்தாள். பாவம், ஆசைக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று மனசார நினைத்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் கூடவே வந்தது. ஆஸ்பத்திரி விஷயம் அப்படித்தான். செண்பகவல்லியின் கணவர் நயினார், ஒரு மில்லில் நிரந்தர வேலைக்காரர். மில்லுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி உண்டு. அங்கே தொழிலாளிக்கும் அவன் பெண்டாட்டிக்கும் மட்டுந்தான் வைத்தியம். வெயிலுமுத்து கூப்பிட்ட நாளைக்கு மட்டும் மூட்டை தூக்குகிறவன். ஆகவே ஆறுமுகத்தாய் அங்கே செண்பகவல்லி என்ற பெயரில் போனாள். நர்ஸ் செண்பகவல்லி என்று கூப்பிட்டால் எழுந்து போவாள். புருஷன் பெயர் கேட்டால் நயினார் என்பாள். தம்பி பெண்டாட்டியைத் தன் பெண்டாட்டி என்று காட்டி வைத்தியம் பார்ப்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் பெரிய தப்பில்லை, பாதிப் பேர் செய்கிற காரியம். நாக்குக் கூசினாலும், அக்காவின் பெரிய மனசு என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

மாய்ந்துபோகக் காரணமும் இருந்தது. முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் போய்விட்டது. அன்றைக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது, தலைவலி மண்டையைப் பிளந்தது. பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் உள்ளதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். வலிப்பு வந்து விழுந்தபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்தத் தடவை டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்: கால் வீக்கத்தை விட்டுவைக்கக்கூடாது, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், மூத்திரத்தைச் சோதிக்க வேண்டும், கண் மங்கினாலோ தலை வலித்தாலோ அந்த நிமிஷமே வரவேண்டும். உப்பைக் குறைக்கச் சொன்னாள். செண்பகவல்லி அவளுக்கென்று தனியாக உலை வைத்தாள். இரும்புச் சத்து மாத்திரையை விழுங்கும்வரை எதிரே நின்றாள். ராத்திரி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தாள். பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.

செண்பகவல்லி குடத்தோடு வந்தாள். ஊர்க்காரரைப் பார்த்து முகம் மலர்ந்தது. அவிழ்ந்து கிடந்த மூட்டையைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, நயினாரைப் பார்க்க மில் வாசலுக்கு அனுப்பிவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஆறுமுகத்தாய் எதையும் சுற்றி வளைக்கவில்லை. பிறக்கப்போகிற பிள்ளை யாருடையது என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிப் பேப்பர்ல எம் பிள்ளதான," என்றாள் செண்பகவல்லி. குரல் உயரவில்லை. "வெயிலுமுத்துக்கும் தெரியும். கேட்டுக்க."

"எனக்குத் தெரியாதே அக்கா."

"ஒனக்கு அடுத்தது பொறக்கும். எனக்கு என்னளா பொறக்கும்? போன தடவ கெட்ட கேட்டுக்கு, நான் கூட்டிட்டுப் போகலன்னா நீயும் இருக்க மாட்ட, அதுவும் இருக்காது. நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

அவள் சொன்னது உண்மை. உண்மையாக இருப்பதுதான் ஆறுமுகத்தாய்க்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஊட்டிய ஒவ்வொரு கவளமும் பிள்ளைக்காக ஊட்டியது. தான் வெறும் பாத்திரம்.

சாயங்காலம் வெயிலுமுத்து வந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. கை கால் கழுவ நெடுநேரம் எடுத்துக்கொண்டான். அண்ணனிடம்தானே வளரப்போகிறது, நீ தினமும் பார்க்கலாம், அண்ணன் மில்லில் தனக்கும் வேலைக்குச் சொல்லியிருக்கிறார் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"எப்பம் பேசுனிய இத?"

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "மொத நாளு ஆஸ்பத்திரிக்குப் போனியே. அதுக்கு முந்தியே."

வளைகாப்பு, மாத்திரை, உப்பில்லாத சோறு எல்லாவற்றுக்கும் முந்தி. அவள் வாந்தி எடுத்துக்கொண்டு, இது தங்கவேண்டுமே என்று ஊர்ச் சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே பிள்ளையைப் பேசி முடித்திருக்கிறார்கள். ஓரகத்தி செய்ததை ஒருவேளை ஒரு நாள் மறந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இவன் தனக்குப் பக்கத்தில் படுத்து, வயிற்றில் கை வைத்து, உதைக்கிறான் பார் என்று சிரித்தானே, அதை மன்னிக்க முடியாது.

மறுநாள் காலை அக்கா ரேஷன் கடைக்குப் போனதும் அவள் தனியாகக் கிளம்பினாள். மில் ஆஸ்பத்திரிக்கு இல்லை. முனிசிபாலிட்டி பிரசவ ஆஸ்பத்திரிக்கு. அங்கே பெண்கள் நடைபாதையில்கூடப் படுத்திருந்தார்கள். வரிசை நகர்ந்து அவள் முறை வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பெயர் என்ன என்று நர்ஸ் மராத்தியில் கேட்டாள். ஆறுமுகத்தாய் என்று சொல்லும்போது, பல மாதம் உடுத்தாத சேலையை எடுத்து உடுத்தியதுபோல் இருந்தது. நர்ஸ் அவள் கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்து அப்படியே நின்றது. இந்த நிலையில், இத்தனை மாதமாக ஒரு டாக்டரிடமும் காட்டாமல் எங்கே இருந்தாய் என்று சத்தம் போட்டாள். காட்டியதெல்லாம் வேறொருத்தியின் கணக்கில் இருக்கிறது என்று எந்தப் பாஷையில் சொல்வது? முந்தின ராத்திரி தொடங்கிய தலைவலியைப் பற்றித் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். கண் மங்குவதையும் சொன்னாள். போன பிள்ளையைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். நர்ஸின் முகம் மாறியது. உடனே படுக்க வேண்டும், வீட்டுக்குப் போகக்கூடாது என்றாள். புருஷன் எங்கே, அவனைக் கூப்பிடு என்றாள்.

ஆறுமுகத்தாய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மில் ஆஸ்பத்திரியில் காணாமல் இங்கே தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே வெயிலுமுத்து நின்றான், பக்கத்தில் செண்பகவல்லி, மூச்சிரைத்துக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியோடு. ஆயா கேட்டருகே போய், ஆறுமுகத்தாயின் புருஷன் யார் என்று உரக்கக் கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். திறந்தவன் திரும்பி மதினியின் முகத்தைப் பார்த்தான்.

ஆயா இன்னொரு முறை கேட்டாள். உள்ளே பிள்ளை விலா எலும்புக்குக் கீழே முட்டியது. ஆறுமுகத்தாய் அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டில்கள் இருந்த பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.