சாவி கழற்றியும் ஓடிய வேன்

காலிதீன் படித்த தொழில் ரேடியோ திருத்துவது. யுத்தத்தால் கல்முனைப் பக்கம் மின்சாரம் மாதக்கணக்கில் வராமல் கிடந்த காலத்தில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. சின்ன ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிக் கடை வாசலில் வைத்து, வாகனப் பற்றரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கத் தொடங்கினான். பற்றரி கொண்டு வந்தவர்கள் ஹெட்லைட்டும் எரியவில்லை என்றார்கள். ஹெட்லைட்டைப் பார்த்துக் கொடுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றார்கள். இரண்டு வருடத்துக்குள் அவன் கடைப் பலகையில் ரேடியோ படத்தை அழித்துவிட்டுக் கார் ஒன்றை வரைந்து வைக்க வேண்டியதாயிற்று.

எஞ்சினுக்குள் நடப்பதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் ஜெனரேட்டரையே கழற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். பெற்றோலும் காற்றும் உள்ளே போகின்றன, பிளக்கில் நெருப்புப் பொறி அடிக்கிறது, வெடிக்கிறது, சுற்றுகிறது. பிளக் வயரைக் கழற்றினால் எல்லாம் நின்றுவிடும். மின்சாரத்தோடு பழகிய அவனுக்கு இது பிடித்திருந்தது. “கரண்ட் போனா எஞ்சின் மௌத்து. அவ்வளவுதான் விசயம்,” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவான். அவன் கைக்கு வந்த பெற்றோல் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அந்தச் சொல்லைப் பொய்யாக்கவில்லை.

ஒரு நாள் காலையில் கனகரெத்தினத்தின் வேன் வந்தது. வந்தது என்ன, தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாண்டிருப்புக்காரரான கனகரெத்தினம் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஆள் ஏற்றி ஓடுகிறவர். பெற்றோல் விலைக்குக் கட்டுப்படியாகாமல், பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் ஒன்றைக் குருநாகலில் வைத்துப் பொருத்திப் பூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏறிய ஆட்கள் இறங்காமல் உள்ளேயே இருந்தார்கள். அவர்களில் ஸைனம்பு என்ற வயதான பெண், மடியில் பலகாரக் கூடையோடு, அட்டாளைச்சேனையில் மகள் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்.

“ஸ்டார்ட்டர் சுத்துது காக்கா. எஞ்சின் பிடிக்குதில்ல. சுத்திச் சுத்திப் பற்றரியும் இறங்கிற்று,” என்றார் கனகரெத்தினம். முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றுதான் அவர் கூப்பிடுவார்.

காலிதீன் எஞ்சினுக்கு மேலிருந்த முன் சீற்றைத் தூக்கினான். வழக்கம்போல் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற கொயிலைத் தேடினான். கொயில் இல்லை. பிளக் வயர்களைத் தேடினான். பிளக் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் குழாய்கள் வந்து இறங்கியிருந்தன.

“அண்ணன், இதில பொறி அடிக்கிற சாமான் எங்க?”

“எனக்கென்ன தெரியும்? நான் ஓட்டுறவன்.”

கடைசியில், டீசலைத் தள்ளுகிற பம்பின் தலையில் பெருவிரல் அளவு உருளைச் சாமான் ஒன்றையும் அதற்குப் போகிற ஒற்றை வயரையும் கண்டான். வயரில் கரண்ட் வந்தது. ஆனால் அந்தச் சாமான் அசையவில்லை, ஒரு சத்தமும் போடவில்லை. அதைக் கழற்றினான். உள்ளே சின்ன ஊசி ஒன்றும் ஸ்பிரிங் ஒன்றும் இருந்தன. சுருள் கருகிப் போயிருந்தது. இது என்ன வேலை செய்கிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கருகிய சாமானால் எந்தப் பலனும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஊசியையும் ஸ்பிரிங்கையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வெறும் மூடியை மட்டும் முடுக்கினான். கடையிலிருந்த வேறொரு பற்றரியைக் கொடுத்துச் சுற்றியபோது எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது.

வேனுக்குள் இருந்தவர்கள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். காலிதீனுக்குப் பெருமையாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஏதோ இடறவும் செய்தது. எதைக் கழற்றினால் எஞ்சின் நிற்க வேண்டுமோ, அதைக் கழற்றியதால் எஞ்சின் ஓடுகிறதே!

“இப்ப ஓஃப் பண்ணிப் போடாதீங்க அண்ணன். ஒங்கட பற்றரி சார்ஜ் ஏறட்டும். அக்கரைப்பத்து மட்டும் நானும் வாறன், ஒருக்காப் பார்ப்பம்.”

காரைதீவைத் தாண்டியதும் இராணுவச் சாவடி. மணல் மூட்டைகளும் தார் பீப்பாய்களும் பாதையைப் பாதி அடைத்திருந்தன. அங்கே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் பழக்கம். வாகனத்தை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடக்க வேண்டும். கனகரெத்தினம் நிறுத்தினார். சாவியைத் திருப்பினார். முன்னாலிருந்த சின்ன விளக்குகள் அணைந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுபடியும் போட்டுத் திருப்பினார். எஞ்சின் ஓடியது.

“ஓஃப் கரன்ன!” என்று, அணைக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான் முன்னால் நின்ற சிப்பாய்.

கனகரெத்தினம் சாவியையே பிடுங்கி, கையை வெளியே நீட்டிக் காட்டினார். சாவி வெளியே தொங்கியது, வேன் உள்ளே தடதடத்தது. அதைப் பார்த்த சிப்பாயின் முகம் மாறிவிட்டது. துப்பாக்கியைத் தூக்கினான். கனகரெத்தினத்தை இறக்கிக் கைகளைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்லி மணல் மூட்டைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அட்டையை வாங்கிப் பெயரை வாசித்தவன், இன்னொருத்தனைக் கூப்பிட்டு அதை வாசிக்கச் சொன்னான். தமிழ்ப் பெயர் என்றால்தான் அப்படி இரண்டு தரம் வாசிப்பார்கள் என்று காலிதீனுக்குத் தெரியும்.

“மம பாஸ்! நான்தான் திருத்தினது!” என்று, மெக்கானிக் தான்தான் என்பதைத் தெரிந்த சிங்களத்தையும் தமிழையும் கலந்து கத்திக்கொண்டு காலிதீன் இறங்கினான்.

சாவடிக்குப் பொறுப்பானவர் கொஞ்சம் தமிழ் பேசுவார். “நீ பாஸ்? அப்ப நிப்பாட்டு.”

காலிதீன் சீற்றைத் தூக்கினான். பற்றரி வயரைக் கழற்றினான். எஞ்சின் ஓடியது. டைனமோவிலிருந்து வருகிற கரண்டில் ஓடுகிறது போலும் என்று நினைத்து அந்த வயரையும் இழுத்தான். ஓடியது. பம்புப் பக்கம் தொங்கியதையும் கண்ணில் பட்ட மற்ற வயர்களையும் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினான். இப்போது அந்த எஞ்சினுக்கு எங்கிருந்தும் ஒரு துளி கரண்ட் போகவில்லை. அது முன்னைவிடச் சுகமாக ஓடுவது போல அவனுக்குப் பட்டது.

“ஏன் நிக்குது இல்ல?” என்றார் பொறுப்பானவர்.

காலிதீன் குனிந்து, இன்னும் வயர் ஏதும் மிச்சமா என்று தேடினான்.

பின்னால் யாரோ “போம்ப” என்று சொன்னது கேட்டது. குண்டு என்ற அந்தச் சொல் எல்லாருக்கும் விளங்கும். சிப்பாய்கள் பின்வாங்கி மணல் மூட்டைக்குப் பின்னால் போனார்கள். இறங்கி நின்ற ஆட்களை வீதியோரப் பள்ளத்துக்கு விரட்டினார்கள். வேனுக்குப் பக்கத்தில் காலிதீன் மட்டும் நின்றான். அவனை வரச் சொன்னார்களா, நிற்கச் சொன்னார்களா என்றே அவனுக்கு விளங்கவில்லை.

“காக்கா!” கைகளைத் தலையில் வைத்தபடி கனகரெத்தினம் கத்தினார். “ஏறி இருங்க! கிளச்ச அமத்தி டொப் கியரப் போடுங்க! பிரேக்க இறுக்கி மிதிச்சுக்கொண்டு கிளச்ச உடுங்க!”

“எனக்கு ஓட்டத் தெரியாதே அண்ணன்!”

“ஓட்ட வேணாம்! நிப்பாட்டத்தான் சொல்லுறன்!”

பொறுப்பானவரைப் பார்த்தான். அவர் துப்பாக்கியை இறக்கவில்லை, ஆனால் தலையை அசைத்தார். காலிதீன் தூக்கிய சீற்றை இறக்கிவிட்டு ஏறினான். எத்தனையோ வாகனங்களின் வயிற்றைத் திறந்தவன், ஓட்டுகிறவரின் இடத்தில் இருந்தது குறைவு. எது கிளச்சு என்று குனிந்து பார்த்துத்தான் மிதித்தான். கியரைத் தள்ளினான், கரகரத்து விழுந்தது. பிஸ்மில்லா சொல்லிக் கிளச்சிலிருந்து காலை எடுத்தான். பிரேக்கை மிதித்தது போதவில்லை. வேன் ஒரே குதியாய்க் குதித்துத் தார் பீப்பாயில் போய் முட்டியது. எங்கேயோ துப்பாக்கியைச் சுடத் தயாராக இழுக்கிற சத்தம். இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரேக்கில் ஊன்றினான். எஞ்சின் முக்கி, உதறி, நின்றது.

அதற்குப் பிறகு கடல் இரைகிற சத்தம் கேட்டது.

வேனை உள்ளும் புறமும் சோதித்தார்கள். ஸைனம்புவின் பலகாரக் கூடையைக்கூடக் கிளறிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றானதும் கனகரெத்தினத்தின் கைகளை இறக்கவிட்டார்கள். பொறுப்பானவர் காலிதீனிடம் வந்து, “என்ன பிழை?” என்று மறுபடியும் கேட்டார்.

“தெரியா ஐயா. உண்மையா எனக்குத் தெரியா.”

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பொய் சொல்கிறவன் ஏதாவது காரணம் வைத்திருப்பான் என்று நினைத்தாரோ என்னவோ, அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேனைத் திருத்தும் வரைக்கும் இந்தப் பக்கம் கொண்டு வரக்கூடாது என்று சொல்லித் திரும்பிப் போகச் சொன்னார்.

ஸைனம்பு அந்த வழியே வந்த பஸ் ஒன்றை மறித்து ஏறிக்கொண்டார். ஏறுமுன், “நிப்பாட்டத் தெரியாத சாமானுக்கு எங்கள ஏத்தினீங்களே, ரெண்டு பேரும் நல்லா இருங்க!” என்று கையை விரித்து ஏசிவிட்டுத்தான் போனார்.

மற்ற ஆட்கள் தள்ளினார்கள். வேன் கொஞ்சத் தூரம் உருண்டதும் கனகரெத்தினம் கிளச்சை விட்டார். எஞ்சின் பிடித்தது. காரைதீவுச் சந்தி வந்த பிறகுதான், பற்றரி வயரைத் தான் இன்னும் பூட்டவில்லை என்பது காலிதீனுக்கு உறைத்தது. வயரின் முனை அவன் மடியில் கிடந்தது.

“அண்ணன், இது எப்பிடி எரியுது? பொறி இல்லாம நெருப்பு எங்கால வருது?”

கனகரெத்தினம் கியரை மாற்றினார். “பூட்டினவன் ஒண்டு சொன்னான். காத்த உள்ளுக்கு இறுக்கோ இறுக்கெண்டு இறுக்கிறதாம். இறுக்கினாச் சூடாகுமாம். அதில டீசலத் தெளிச்சாத் தானா எரியுமாம்.”

“காத்து சூடாகுமா?”

“அவன் சொன்னான். எனக்கும் விளங்கல்ல.”

“அப்ப கரண்ட் எதுக்கு?”

“முதல் சுத்துச் சுத்திவிட. லைற்றுக்கு. ஹோர்னுக்கு.”

“அவ்வளவுதானா?” இத்தனை நாளும் தான் எஞ்சினின் உயிரைக் கையில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பதில் கசந்தது.

கருகிய சாமானுக்குப் பதில் புதியது கொழும்பிலிருந்து வரச் சில நாள் பிடித்தது. பூட்டிவிட்டுக் கனகரெத்தினத்தை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். பம்புக்குப் போகிற ஒற்றை வயரைக் கையால் கழற்றினான். டிக் என்று ஊசி இறங்கியது, எஞ்சின் நின்றது. பூட்டிச் சுற்றினால் ஓடியது. கழற்றினால் நின்றது. இந்த ஊசி, பற்ற வைக்கிற சாமான் அல்ல. வாய்க்கால் கதவு மாதிரி, டீசலை விடுகிறது, மறிக்கிறது. கரண்ட் வந்தால் கதவு திறக்கும், போனால் மூடும். ஊசியையே எடுத்துவிட்டால் கதவே இல்லை. அதனால்தான் அன்றைக்கு எதைப் பிடுங்கியும் நிற்கவில்லை. இவ்வளவும் விளங்கியது. ஆனால் கதவைத் தாண்டி உள்ளே போன டீசல் எப்படித் தீப்பிடிக்கிறது என்ற இடத்தில் புத்தி போய் முட்டிக்கொண்டு நின்றது.

“நிண்டாச் சரிதானே காக்கா,” என்று சிரித்துக்கொண்டு கனகரெத்தினம் ஆள் ஏற்றப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் நற்பிட்டிமுனை வயலிலிருந்து நளீம் தன் இரண்டு சக்கர உழவு மெஷினைக் கொண்டு வந்தான். முன் லைற் எரியவில்லை. காலிதீன் லைற்றைப் பார்க்காமல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான். கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற டீசல் மெஷின். பற்றரி இல்லை. சின்ன வயதிலிருந்து வயல் எல்லாம் கண்ட சாமான், ஒரு நாளாவது இதற்கு நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று அவன் கேட்டதில்லை.

“நளீம், இத நிப்பாட்டு. நான் சுத்திப் பார்க்கப் போறன்.”

“லைற்தானே மச்சான் பழுது?”

“லைற்ற பிறகு பார்ப்பம்.”

ஸ்டார்ட் பண்ணுகிற கைபிடியைப் பிடித்துச் சுற்றினான். முதலில் இலேசாக வந்தது. பாதியில் ஏதோ ஒன்று எதிர்த்து நின்றது. தோளைக் கொடுத்து அழுத்தினான். கைபிடி கொஞ்சம் போய், பிறகு அவன் கையையே திருப்பித் தள்ளியது. உள்ளே இரும்பு முட்டவில்லை. முட்டியிருந்தால் அப்படி மெதுவாகத் தள்ளாது. அங்கே இறுகிக் கிடந்தது வெறும் காற்று, கனகரெத்தினம் சொன்ன அதே காற்று. இவ்வளவு பலமுள்ள காற்றா?

“கையை உடைச்சுப் போடும் மச்சான், உடு!” என்று நளீம் பதறினான்.

காலிதீன் விடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, மறுபடியும் கைபிடியைப் பிடித்தான்.