குதிரைக்காரன் இரண்டாம் பாகம் ஓடிய நாட்கள்

காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிக்கும் முன்னால் நாகரத்தினம் பாயருகே குனிந்து, தூங்கும் பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். எட்டு மாதமாக ஒரு நாள் காலையும் இது தவறியதில்லை. மனைவி பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் குனிவான். அடுப்பருகே கோப்பி ஆற்றிக்கொண்டிருந்த ருக்குமணியும் பார்க்காதவள் போல முதுகைக் காட்டியே நின்றாள். நெற்றி சுடவில்லை போலும். அவன் நிம்மதியாக மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. பிறகு, அப்போதுதான் எழுந்து வந்தவன் மாதிரி, "கோப்பி ஆச்சா?" என்றான் சத்தமாக.

எல்லாம் ஒரு சினிமாவால் வந்தது. வெளியாளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் ருக்குமணி யாரிடமும் சொல்வதில்லை. முகமூடி போட்டுக்கொண்டு குதிரையில் வந்து ஏழைகளைக் காப்பாற்றும் ஒருவனின் கதை. படத்தின் பெயரே 'குதிரைக்காரன்'தான். முதல் பாகம் வந்த வருஷம் நாகரத்தினமும் ருக்குமணியின் அண்ணன் இருளப்பனும் ஒரே லோரியில் மலையிறங்கி ஈப்போ டவுனுக்குப் போய் அதை மூன்று தடவை பார்த்தார்கள். இருளப்பன் தோட்டத்து லோரி டிரைவர். தேயிலைப் பெட்டிகளைத் தாப்பா ரோடு ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, சில நாட்களில் ஈப்போ வரைக்கும் போய் சாமான் ஏற்றி வருவான். மலைக்கு மேலே வருகிற சினிமாச் செய்தி எல்லாம் அந்த லோரியில்தான் வரும். முதல் பாகம் ஈப்போவில் நூற்றுப்பத்து நாள் ஓடிற்று. அதில் மாமன் மச்சானுக்குள் தகராறு இல்லை. இரண்டாம் பாகம் வந்தபோதுதான் தோட்டம் இரண்டாகப் பிரிந்தது.

முருகையா கடை வாசலில் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை இதே பேச்சுதான். இரண்டாம் பாகமே பெரிசு என்று நாகரத்தினம் நின்றான். ரசிகர் மன்றத்துக்கு அவன்தான் தலைவர். முதல் பாகத்தை மிஞ்ச எதுவும் இல்லை என்று இருளப்பன் நின்றான்.

"மொத பாகத்துல கதை இருந்துச்சு மாப்ள. ரெண்டாவதுல குதிரைதான்லா நல்லா நடிச்சிருக்கு!"

"கலெக்சன் என்னான்னு தெரியுமா மச்சான் ஒனக்கு? மொத வாரம் முழுக்க ஹவுஸ்புல்லு. கதவு ஒடிஞ்சு போச்சாம்."

"பழைய கதவுலா அது, காத்தடிச்சாலே ஒடியும்," என்பான் ரெங்கசாமி. யார் பக்கமும் சேராமல் இரண்டு பக்கத்தையும் சீண்டிவிட்டு வேடிக்கை பார்ப்பவன் அவன். "தலைவரே, குதிரைக்குச் சம்பளம் குடுத்தாங்களா இல்லியா?"

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் இப்படிக் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். நாகரத்தினத்தின் இடுப்பில் பவளம் இருந்தாள், இரண்டு வயது முடியாத பிள்ளை. சிரிப்பு அவனுக்குச் சுருக்கென்று பட்டது. "ஒரே கொட்டகையில நூறு நாள் ஓடுச்சு, கேட்டுக்க! இது என் பிள்ள மேல சத்தியம்!" என்று பிள்ளையின் தலையில் உள்ளங்கையால் அடித்தான்.

இருளப்பன் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு மெதுவாகச் சொன்னான். "ஈப்போவுல எழுபத்தோரு நாள். டிக்கெட்டு கிழிக்கிற ஆளையே போன வாரம் கேட்டேன். தாப்பாவுல பதினாலு நாள்ல தூக்கிட்டான். எந்த ராட்சசன்டா ஒரு படத்துக்காகப் பெத்த பிள்ள தலையில அடிப்பான்?"

பத்து நாள் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்தில் மலையில் எந்தப் பிள்ளைக்கும் வருகிற காய்ச்சல்தான். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த மூன்று நாளும் இருளப்பன் ஆஸ்பத்திரி வாசலில் லோரியை நிறுத்திவிட்டு வெளியிலேயே நின்றான். உள்ளே வந்து தங்கை புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு கீழ் லயத்து வீட்டு வரிசையிலிருந்து இவர்கள் இருக்கும் மேல் லயத்துக்கு, இருநூறு அடி ஏறி, அவன் வரவே இல்லை.

இப்போது பவளத்துக்கு மூன்றாவது வயது நடக்கிறது. காது குத்த வேண்டும். முதல் மொட்டை இருளப்பன் மடியில்தான் நடந்தது. காதும் தாய்மாமன் மடியில்தான் குத்தியாக வேண்டும். வேறு யார் மடியிலும் உட்கார வைக்க ருக்குமணிக்கு மனம் வராது, மாரியம்மன் சந்நிதியிலும் அது எடுபடாது. தாப்பாவிலிருந்து ஆசாரி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டார். போதாக்குறைக்கு, அதே வாரம் ஈப்போவில் மூன்றாம் பாகம் வந்துவிட்டது. தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளும்போதும் பெண்கள் அதையே பேசினார்கள். முதுகில் கூடை கனக்க, கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்த விரல்களால் கிள்ளிப் போட்டுக்கொண்டே ருக்குமணி நினைத்தாள்: நாலாம் பாகம் வரும், ஐந்தாம் பாகம் வரும். அதற்குள் இந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே வந்துவிடும். அப்போதும் இவர்கள் இரண்டாம் பாகத்தில்தான் நிற்பார்கள்.

வியாழக்கிழமை வேலை விட்டதும் வெற்றிலை பாக்குத் தட்டோடு லோரிக் கொட்டகைக்குப் போனாள். இருளப்பன் சக்கரத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டான். வாங்கிக்கொள்ளவில்லை.

"எனக்கு மட்டும் ஆசையில்லியா ருக்கு? தோடுகூட வாங்கி வச்சிட்டேன். ஒம் புருஷன் அன்னிக்குப் பிள்ள தலையில வச்ச கை இன்னும் அங்கதான் இருக்கு. ஆத்தா முன்னால அத எடுக்கச் சொல்லு. எடுத்தா அடுத்த நிமிஷம் நா மடி விரிச்சு ஒக்காருவேன்."

"அண்ணே, அவரு தெனமும் நெத்தியத் தொட்டுப் பாக்குறாரு. ஒங்களவிட அவருக்குத்தான் பயம்."

"பயம் இருக்குல்ல? அப்ப வாயத் தொறந்து சொல்லட்டும்."

வீட்டுக்கு வந்து அதையே நாகரத்தினத்திடம் சொன்னாள். அவன் பாக்டரியில் கொழுந்து உருட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவன். சட்டை, தலைமுடி எல்லாம் பச்சைத் தேயிலை வாசம். "நாலு பேரு முன்னாலயா?" என்றான். "அப்புறம் முருகையா கடையில எனக்கு என்னா இருக்கு சொல்லு."

ருக்குமணிக்குக் கோபம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. தோட்டத்துத் துரை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கணக்கெழுதும் கிராணிக்கு அவன் ஒரு நம்பர். அந்தக் கடை வாசலில் மட்டும் "தலைவரே, வாங்க" என்று நாலு பேர் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறார்கள். எந்த மனிதனுக்கும் எங்காவது ஓர் இடத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. இவனுக்குக் கடவுள் கொடுத்த இடம் அந்தப் பெஞ்சு. அதையும் விட்டுக் கொடு என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. தட்டை மாரியம்மன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகவே பத்து மணி ஆயிற்று. கோயிலில் முப்பது பேர்வரை இருந்தார்கள். தாப்பா ஆசாரி வாழையிலையில் ஊசியும் கம்பியும் சந்தனமும் எடுத்து வைத்துவிட்டார். ஒரு மணி பஸ்ஸை விட்டால் அவருக்கு வேறு பஸ் இல்லை. பாவாடை சட்டையில் பவளம் ஒரு வாழைப்பழத்தைக் கையில் பிசைந்துகொண்டு நின்றாள். தாய்மாமனுக்குப் போட்டிருந்த பலகை காலியாகக் கிடந்தது.

"நா வேணும்னா ஒக்காரட்டா தங்கச்சி?" என்றான் ரெங்கசாமி. "எனக்கு எல்லாப் பாகமும் ஒண்ணுதான்லா."

ருக்குமணி வேலிப் பக்கம் பார்த்தாள். அங்கே லோரி நின்றது. கஞ்சி போட்ட வேட்டி சட்டையோடு, கையில் சீர்த் தட்டோடு இருளப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தானோ. நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. ஆத்தா, நான் ரெண்டு பக்கமும் நடந்து நடந்து ஓய்ஞ்சுட்டேன், இனிமே நீ நட, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நாகரத்தினமும் பார்த்துவிட்டான். மச்சானின் கையிலிருந்த தட்டைப் பார்த்தான். அதில் மடித்து வைத்த சின்னக் கவுனைப் பார்த்தான். பிறகு சட்டென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்நிதிக்கு முன்னால் போய் நின்றான். அவன் வலது கையைப் பவளத்தின் தலையில் வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல மேலே எடுத்தான்.

"நூறு இல்ல ஆத்தா," என்றான். "எழுபத்தொண்ணுதான். நா பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன். பிள்ளைய ஒண்ணும் செஞ்சிடாத."

ரெங்கசாமி வாயைத் திறந்தான். இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவன் எட்டு மாதம் காத்திருந்தான் என்று யாரும் சொல்லலாம். ஆனால் திறந்த வாயோடு நாகரத்தினத்தின் குனிந்த தலையைப் பார்த்தவன், வாயை மூடிக்கொண்டான். ஓரமாகப் போய்ச் சாம்பிராணிக்கு நெருப்பு ஊதத் தொடங்கினான். ஒருவரும் சிரிக்கவில்லை.

இருளப்பன் உள்ளே வந்தான். தட்டைத் தங்கையிடம் கொடுத்தான். பலகையில் உட்கார்ந்து மடியை விரித்தான். நாகரத்தினம் பிள்ளையை அதில் இறக்கிவிட்டு, இரண்டடி தள்ளி, மன்றத்து ஆட்கள் நிற்கிற பக்கம் போகாமல், தூணருகே தனியாக நின்றான். ஒரே நாள் காலையில் அவனுக்குப் பத்து வயது கூடிவிட்டதுபோல இருந்தது. இருளப்பன் அவனையே பார்த்தான். பார்த்துக்கொண்டே பிள்ளையின் கையிலிருந்த பழத்தைத் துடைத்துவிட்டான். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தொண்டையைக் கனைத்தான்.

"மாப்ள, நானும் அன்னிக்கு ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். தாப்பாவுல பதினாலு இல்ல. இருபத்தொம்பது நாள் ஓடியிருக்கு. அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. ரெண்டையும் கூட்டிக்கலாம்ல?"

"நூறுலா!" என்று மன்றத்துப் பையன்களில் யாரோ கத்தினார்கள். முருகையா, "அட ஆமா, கணக்குச் சரியா வருதே," என்றார். தூணருகே நாகரத்தினம் மெல்லத் தலை நிமிர்ந்தான். நம்புவதா வேண்டாமா என்று தெரியாத முகம். ஆனாலும் நிமிர்ந்த முகம்.

ஆசாரி மட்டும் ஊசியில் சந்தனம் தடவுவதை நிறுத்திவிட்டு இருளப்பனைப் பார்த்தார். தாப்பாவில் அவருடைய பட்டறை சினிமாக் கொட்டகைக்கு எதிரில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் படம் எத்தனை நாளில் எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு நிமிஷம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு ஆசாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, தம் வாழையிலைப் பக்கம் குனிந்தார்.

"சரி, நேரமாச்சு. மாமங்காரரே, பிள்ள தலைய ஆடாம நல்லாப் பிடிங்க."

இருளப்பனின் கை எழுந்தது. பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து அப்படியே நின்றுவிட்டது. சத்தியம் பண்ண வந்த கை போல விரல்கள் விரிந்திருந்தன, இறங்கவில்லை. அவன் உதடு உலர்ந்திருப்பதை ருக்குமணி பார்த்தாள். சந்நிதி விளக்கின் பக்கம் அவன் பார்வை போய்ப் போய் வந்தது. மலையிலிருந்து பனி மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது. பவளம் அண்ணாந்து, அந்தரத்தில் நிற்கும் அந்தக் கையை வேடிக்கை பார்த்தாள்.

"பிடிங்கய்யா," என்றார் ஆசாரி, ஊசியை எடுத்துக்கொண்டு.

ருக்குமணி சீர்த் தட்டைக் கீழே வைத்தாள். அண்ணனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, எத்தனை கழுவினாலும் போகாத அந்தக் கறுப்பு விரல்களைப் பிள்ளையின் தலையில் வைத்து அழுந்தப் பிடித்தாள். இருளப்பன் மூச்சை விட்டான். அவன் கை மெல்ல இறங்கி, அவள் கையின் மேல் உட்கார்ந்தது. ஆசாரி குனிந்தார். ஊசி முனை பனியில் ஒரு தரம் மின்னியது.