நிலத்தடி நகரத்துப் புகை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை, எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு வழுக்கைத் தலையால் பிறந்தது. வெள்ளிக்கிழமை மதியக் காட்சி. அறிவியல் புனைவு, அதிலும் அனிமேஷன் படம். பல திரைகள் கொண்ட பெரிய வளாகங்கள் கையை விரித்துவிட, ஊருக்கு ஒன்றிரண்டாக மிஞ்சியிருக்கும் தனித் திரையரங்குகள்தான் அதை எடுத்திருந்தன. எங்கள் தெருமுனைத் திரையரங்கில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். இடைவேளைக்குச் சற்று முன், அந்தத் தலை சட்டென்று காணாமல் போனது.

ஏன் என்று பிறகு விசாரித்தேன். [விசாரித்தேன் என்பது பெருமைக்கு. பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டேன். மீதியை நானே கட்டினேன்.]

2

முதல் தொடக்கம்: ‘செவ்வாயின் அடிவயிற்றில் ஒரு நகரம்…’ வேண்டாம், அது படத்தின் கதை.

இரண்டாவது: ‘அவள் விரல்களில் புகை பூத்த…’ சே.

நேராகவே சொல்கிறேன். வழுக்கைத் தலைக்காரரின் மகள் அந்தப் படத்தில் வேலை செய்தவள். நிலத்தடி நகரம் தீப்பிடிக்கும் காட்சிக்குப் புகை மட்டும் செய்தாள். நான்கு நிமிடப் புகை. மூன்று வருட வேலை. அப்பாவோ தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“நான் முப்பது வருஷம் புகைய வெரட்டினேன். நீ உக்காந்து அத வளக்குற” என்பார் சாப்பாட்டு மேசையில்.

அவருடைய பழைய அலுவலகத்தில் எழுத்தர் வேலை ஒன்று காலி. படிவத்தை அவரே நிரப்பி, மகளின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். ஸ்டூடியோவோ அடுத்த படத்துக்கு அவளிடம் இன்னும் மூன்று வருடம் கேட்டது. படம் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று அப்பாவுக்கும் மகளுக்கும் ஒப்பந்தம்.

3

இந்த இடத்தில் அப்பாவைக் கடுகடுவென்று எழுதியிருந்தேன். என் தங்கை படித்துவிட்டு, “இவரு என்ன வில்லனா? பொண்ணு என்ன ஆவாளோன்னு பயப்படுற மனுஷன். அப்படி எழுது” என்றாள்.

திருத்திய அப்பா இதோ: தேய்த்த சட்டை போட்டு, மகளோடு அரை மணி நேரம் முன்னதாகவே வந்தார். உட்காரும் முன், வெளியேறும் கதவுகள் இரண்டையும் தள்ளிப் பார்த்தார்.

“சார், ஏசி போயிடும், மூடுங்க” என்றார் டிக்கெட் கிழிக்கும் அம்மா.

“தெறக்குதான்னு பாத்தேன்மா. தெறக்குது.”

4

தீ வந்தது. மகள் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். சுரங்கப் பாதையின் கூரையில் புகை மெல்ல ஊர்ந்து, மூலையில் தேங்கி, சுவர் வழியே இறங்கத் தொடங்கியது. அவர் உடம்பு தானாகக் குனிந்தது. ஒரு கை அவள் பிடரியைப் பிடித்து அமுக்கியது.

“தலைய தூக்காத! கீழதான் காத்து இருக்கும்.”

இரண்டு பேரும் நாற்காலிகளுக்கு நடுவே. எங்கோ ஒருவர் பாப்கார்ன் கொறிக்கும் சத்தம் கேட்டது.

“அப்பா, படம்ப்பா.”

“தெரியும்.” எழுந்திருக்கவில்லை. “புகை மொதல்ல கூரையிலதான் போவும்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“நீங்கதான். தெனம் சாப்பிடறப்ப.”

“நீ செல்போன பாத்துட்டு இருக்கேன்னு நெனச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

[‘பெருமையா இருக்கும்மா’ என்று அவரைச் சொல்ல வைக்க மூன்று முறை முயன்றேன். மனிதர் மசியவில்லை. “மூணாவது தூண்கிட்ட புகை கொஞ்சம் வேகமா போவுது” என்றார். இடைவேளையில் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்து, “இந்த வேல வேற யாருக்காவது ஆவட்டும்” என்றார். அவ்வளவுதான்.]

5

முடிவுகள். ஒன்று: அவளுக்கு விருது. (பொய்.) இரண்டு: கடைசியில் அவள் பெயர் ஓட, அரங்கமே எழுந்து கைதட்டியது. (அரங்கத்தில் மீதியிருந்தது நான்கு பேர்.)

நடந்தது இது. படம் முடிந்து வெளியே வந்தவர், டிக்கெட் அம்மாவிடம் கேட்டார்: “நாளைக்குத் தீ எத்தன மணிக்கு வரும்?”

“தீயா!” அந்த அம்மா பதறிப்போனார்.

விளக்கம் சொல்லி முடித்து, பழைய கூட்டாளிக்குப் போன் போட்டார். “நாளைக்கு நம்ம ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வா. ஒரு புகை காட்டுறேன். ஆமாடா, பொம்மப் படம்தான். யாரு பண்ணதா?”

மகளைப் பார்த்தார். அவள் சுவரொட்டியை மும்முரமாகப் படிப்பதுபோல் நின்றாள். அவர் தொண்டையைச் செருமினார்.

“அது வந்து…”

ஆறு பதில்கள் எழுதி ஆறையும் அடித்துவிட்டேன். எல்லாம் என் குரலிலேயே இருந்தன. உங்களுக்கும் ஓர் அப்பா இருப்பார், அல்லது நீங்களே அப்பாவாக இருப்பீர்கள். நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம்; அந்தப் பக்கம் ‘ஹலோ, ஹலோ’ என்கிறார்கள்.