ஷிஃப்ட் விரல்

முழங்கைதான், வெறும் முழங்கை, மேசை விளிம்பில் ஊன்றி ஊன்றி உள்ளே ஓடுகிற நரம்பு நசுங்கிப்போயிருக்கிறது, அவ்வளவுதான், டாக்டரம்மா அதைச் சொல்லும்போது பேனா மூடியைத் தேடிக்கொண்டேதான் சொன்னார், ஏதோ செருப்பு வார் அறுந்திருக்கிறது என்பதுபோல... செருப்பு வார்தான், ஆமாம், தைத்துக்கொள்ளலாம், ஆறு வாரம் முழங்கையை எங்கேயும் ஊன்றக் கூடாது, ராத்திரி கையை மடக்கித் தூங்கக் கூடாது, துண்டைச் சுற்றிக்கொண்டு படு, போ. இதற்கா எட்டு மாதம்? பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் இடது கைச் சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்த்தாள், நகம் பதிகிற அளவு கிள்ளினாள், இப்போதும் மரத்துத்தான் இருக்கிறது, ஒன்றும் மாறவில்லை, காலையில் இருந்த அதே விரல், ஆனால் காலையில் அது எதற்கோ முதல் படி, இப்போது அது வெறும் மரத்துப்போன விரல், அவ்வளவுதான், சிரிப்பு வருகிறது, பக்கத்தில் அப்பா இருக்கிறாரே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள், பிறகு எதற்கு அடக்க வேண்டும் என்று தோன்றியது, அப்பாவும் தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததிலிருந்து இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கலைந்துவிடும் போல இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது தொடங்கியது, தொடங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது, அவளுக்கு முன்னால் அதைப் பல்லிதான் கண்டுபிடித்தான். பல்லி என்றால் கம்ப்யூட்டரில் ஆடுகிற சுடும் ஆட்டத்தில், அவர்கள் நாலு பேர் டீமில், எப்போதும் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுடுகிறவன், முகம் பார்த்ததில்லை, ஹெட்செட்டில் குரல் மட்டும். அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தவனும் அவன்தான், எங்கேயிருந்தோ பறந்து வந்து கடித்துவிட்டுப் போய்விடுவாளாம். அன்றைக்குப் பாலத்தைத் தாண்டி எல்லாரும் ஓடிப் போய்விட்டார்கள், அவள் மட்டும் பாலத்தின் நடுவே நடந்துகொண்டிருக்கிறாள், நடந்துகொண்டே... "ஏன்டி கொசு நடக்கிற, காய்கறி வாங்கவா வந்திருக்க?" என்றான் பல்லி. ஓடிக்கொண்டுதானே இருக்கிறேன், ஓடுவதற்கான ஷிஃப்ட் கட்டையை அமுக்கிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று அவள் குனிந்து பார்த்தாள், சுண்டுவிரல் ஷிஃப்ட் மேல்தான் இருந்தது, ஆனால் கட்டை அமுங்கவில்லை. மேலே சும்மா கிடந்தது, மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. அமுக்குகிறோம் என்று மனசு நினைக்கிறது, விரல் கேட்கவில்லை, கேட்கவில்லை என்பதுகூட விரல் வந்து சொல்லவில்லை, பல்லி சொல்லித்தான் தெரிகிறது, அதற்குள் யாரோ சுட்டு அவள் பாலத்திலேயே செத்துப்போனாள். அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். ஆட்டத்தில் செத்ததற்காக இல்லை.

ஏனென்றால் அவளுக்கு அந்த வீட்டில் ஒரு கை எப்படிப் போகும் என்று தெரியும். அப்பா லிஃப்ட் மெக்கானிக், இருபது வருஷம், கண்ணை மூடிக்கொண்டு கதவு ரோலரை மாட்டுவார் என்று கம்பெனியில் சொல்வார்கள், நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் கையிலிருந்து ஸ்குரூ நழுவி லிஃப்ட் குழிக்குள் விழ ஆரம்பித்தது, ஒன்று, இரண்டு, பிறகு தினமும், அப்புறம் ஸ்பேனரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார், அம்மா கேட்டதற்கு இதான் எனக்கு வசதி என்றார், அப்புறம் சட்டைப் பொத்தான், அப்புறம் டீக்கு இரண்டு கையும்... தசை உருகுகிற நோய், மெதுவாகத்தான் போகும் என்றார்கள், இப்போது அதே கம்பெனியில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றுவிட்டது என்று குறித்துக்கொள்கிறார், குறிப்பதுகூட இப்போது கம்ப்யூட்டரில்தான், ஒற்றை விரலால் தட்டி. பிள்ளைகளுக்கு வருமா என்று அம்மா கேட்டதும், சில குடும்பத்தில் வரும், சில குடும்பத்தில் வராது என்று அப்பாவின் டாக்டர் சொன்னதும் அவளுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா அதைப் போனில் சித்தியிடம் சொன்ன சமையலறைக் கதவு சரியாகச் சாத்தாது. அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது.

அப்புறம் என்ன, யாரிடமும் சொல்லவில்லை, சித்தி மகனிடம் போய், இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற அவன் பழைய கேம்பேடை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள், இடது பக்க ரப்பர் தேய்ந்து போனது, அவனிடம் புதுசு இருந்தது, எடுத்துக்கோக்கா என்று கொடுத்துவிட்டான். ஏன் கேம்பேட்? யோசித்தால் எவ்வளவு புத்திசாலித்தனம், யோசித்தால் எவ்வளவு பாவம்... கீபோர்டு பத்து விரலையும் கேட்கும், ஓட ஒரு விரல், குனிய ஒரு விரல், தாவக் கட்டை விரல், குண்டு மாற்ற ஆள்காட்டி விரல், இதெல்லாம் ஒரு கைக்கு, இன்னொரு கையில் மவுஸ் வேறு, ஒரு விரல் லீவு போட்டாலும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். கேம்பேட் அப்படியில்லை, இரண்டு கட்டை விரல், இரண்டு ஆள்காட்டி விரல், அவ்வளவு போதும், சுண்டுவிரல் அடியில் சும்மா தாங்கிக்கொண்டிருக்கும், தாங்காவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஓடுவதற்கு, அதன் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டிக்கை ஒரு அமுக்கு, கட்டை விரல் பார்த்துக்கொள்ளும். அதோடு சுடும்போது அது கைக்குள் அதிரும், அந்த அதிர்வைக் குறைக்காமல் முழுசாக வைத்திருந்தாள், நடுங்குவது அதுதான், நானில்லை என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா. டீமில் கேட்டபோது, இதான் எனக்கு வசதி என்றாள். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததும் அப்பா ஸ்பேனரைக் கை மாற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது, அதே வார்த்தை, அதே அலட்சியம்கூட.

பல்லி ஒரு மாதம் விடவில்லை. கேம்பேடில் பாதிக் குறியைக் கம்ப்யூட்டரே பிடித்துக் கொடுக்கிறது, அது ஆட்டமா, மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிற மாதிரி என்றான், கொசுவுக்கு இறக்கை போச்சு, இனிமேல் ஆமைதான் என்றான். கேப்டன் அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, அவர் நர்ஸ், நைட் டூட்டி முடிந்து வந்து ஆடுகிறவர், ஆளாளுக்கு எது தோதோ அதில் ஆடட்டும்டா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆட்டத்தில் அவள் திரும்புவதற்குள் செத்தாள், நிஜம்தான், மவுஸ் என்றால் மணிக்கட்டை ஒரு வெட்டு, பின்னால் நிற்பவன் காலி, ஸ்டிக்கில் அது கப்பல் திரும்புகிற மாதிரி, மெதுவா... மெதுவா... அதற்குள் கதை முடிந்துவிடும். ஆனால் ஒன்று, இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கீபோர்டில் நடந்தால் நடை, ஓடினால் ஓட்டம், நடுவில் ஒன்றும் கிடையாது, ஸ்டிக்கை லேசாகத் தள்ளினால் லேசாகப் போகும், இன்னும் லேசாகத் தள்ளினால் யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல அடி வைத்துப் போகும். அப்படி ஒருநாள் தனியாகப் போனபோது அந்தப் பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தாள், இரண்டு வருஷமாக ஆயிரம் தடவை அதன் மேல் ஓடியிருக்கிறாள், கீழே மீன்கூட வைத்திருக்கிறார்கள். யாருக்காக வைத்தார்கள், எல்லாரும் ஓடுகிற இடத்தில்? பயத்தில் வாங்கிய சாமான், அதில் சந்தோஷமும் இருந்துவிட்டது, என்ன செய்ய.

அப்பா கண்டுபிடித்தது போன வாரம். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு இந்த ஆட்டம் ஒன்றும் புரியாது, யார் நம்ம ஆள், யார் எதிரி என்றுகூடத் தெரியாது, ஆனால் மெஷின் புரியும். பழைய கீபோர்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தார், எந்த எந்தக் கட்டையில் எழுத்து அழிந்திருக்கிறது என்று பார்த்தார், லிஃப்டில் எந்த மாடிப் பொத்தான் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் அந்த வீட்டுக்காரர்கள் கதையே தெரியும் என்பார், அப்படி.

"குட்டி, ஓடுறதுக்கு எந்தக் கட்டை?"

"ஷிஃப்ட்."

"அதை எந்த விரலால அமுக்குவ?"

திரையில் அவளை யாரோ சுட்டுக்கொண்டிருந்தார்கள், கேம்பேட் அதிர்ந்துகொண்டே இருந்தது. அப்பா எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து, அடுத்த வாரம் நரம்பு டாக்டரிடம் போகிறோம், அம்மாவுக்கு இப்போதைக்கு அது கண் டெஸ்ட்தான் என்றார், தேதிகூட வாங்கி வைத்திருந்தார். வசதி என்ற வார்த்தையை அவரிடம் போய் யாரால் சொல்ல முடியும்?

ஒரு வாரம் எப்படிப் போனது என்று தெரியாது, காலையில் அந்த அறை மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது, முதலில் ஷாக் வைத்தார்கள், மணிக்கட்டில் ஒன்று, முழங்கைக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று, ஒவ்வொரு ஷாக்குக்கும் சுண்டுவிரல் தானாகத் துள்ளியது, எட்டு மாதமாகச் சொன்ன பேச்சைக் கேட்காத விரல், யாரோ முன்பின் தெரியாதவர் கூப்பிட்டதும் எகிறுகிறது, அவள் கேம்பேட் இன்னொருவர் கையில் மாட்டிக்கொண்ட மாதிரி. அதுகூடப் பரவாயில்லை. ஊசிதான்... மெல்லிய ஊசியைச் சதைக்குள் விட்டுவிட்டுக் கையைத் தளர்த்தி வை, அசைக்காதே என்றார் டாக்டரம்மா. அந்த மெஷினுக்கு ஒரு ஸ்பீக்கர் உண்டு, சதைக்குள் என்ன நடக்கிறது என்று சத்தமாகக் கேட்கும். அப்பா தன் டெஸ்டைப் பற்றிப் பேசியதே இல்லை, ஒரே ஒரு தடவைதான் பேசினார், நான் சும்மாதான் படுத்திருந்தேன், என் கை மட்டும் தகரக் கூரையில் மழை பெய்யிற மாதிரி பேசிட்டே இருந்துச்சு என்று. அவள் சும்மா படுத்திருந்தாள். காதை அந்த ஸ்பீக்கரிடம் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தாள். மூலையில் அப்பா தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், அவரும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவர் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு விநாடி. இரண்டு. ஏசி சத்தம். வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. மெஷின் ஓடவில்லையோ, வயர் கழன்றிருக்குமோ... "சும்மா இருக்கும்போது சத்தமே இல்ல, அதான் வேணும்" என்றார் டாக்டரம்மா. இன்னும் ஆறு இடத்தில் குத்தினார், அந்தக் கையில், மற்றக் கையில், காலில்கூட. எங்கேயும் மழை இல்லை.

அதற்கப்புறம் தேவையில்லாததெல்லாம் நினைவிருக்கிறது, எப்படி உட்காருவ, காட்டு என்று டாக்டரம்மா தன் மேசையையே காலி செய்து கொடுத்ததும், அவள் இடது முழங்கையை விளிம்பில் ஊன்றி இல்லாத கீபோர்டில் விரல் வைத்ததும், அவர் அந்த முழங்கையை ஒரு தட்டுத் தட்டி, என் வீட்டிலயும் ஒண்ணு இப்படித்தான் தவம் கிடக்குது என்றதும். இப்போதைக்கு வேறு எதுவும் இல்லை என்றார். இப்போதைக்கு... அந்த வார்த்தையை அவள் நாக்கால் தொட்டுப் பார்த்தாள், ஆடுகிற பல்லைத் தொடுவதுபோல, கொஞ்சம் வலித்தது, விட்டுவிட்டாள், யாருக்குத்தான் இப்போதைக்கு இல்லை, இந்த பஸ்ஸுக்கும் இப்போதைக்குத்தான் பிரேக் நன்றாக இருக்கிறது. பஸ் வந்திருந்தது, ஏறியிருந்தார்கள், ஜன்னல் பக்கம் அவள். போனில் கேப்டன் அக்கா, இன்னிக்கு வர்றியா, பேடா கீபோர்டா என்று கேட்டிருந்தார், அவள் பதில் தட்டப் போய் நிறுத்தினாள், இன்னும் ஆறு வாரம் கழித்து விரல் திரும்பி வந்தால், ஓடலாம், கொசு திரும்பி வந்துவிட்டது என்று பல்லி கத்துவான், எல்லாம் பழையபடி... அந்த மீன்? பாலத்துக்கு அடியில்? இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள்? பேடு என்று அனுப்பினாள். அனுப்பிய கையோடு மனசு அப்படி லேசாகிவிட்டது, லேசாகி, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பயந்தே போயிட்டேன்ப்பா. உங்கள மாதிரி ஆயிடுமோன்னு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அப்பா ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடியே தலையாட்டினார்.

"நானும் அதுக்குத்தான் பயந்தேன்."

சந்தோஷமாகத்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை, அவர் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது, அவளைவிட அவருக்குத்தான் நிம்மதி அதிகம் போல இருந்தது, அது எப்படி முடியும்... பஸ் ஒரு வளைவில் திரும்பியது, அப்பா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தார், விரல்களால் இல்லை, மணிக்கட்டை அதில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பெருவிரலுக்குப் பக்கத்தில் சதை இருந்த இடம் பள்ளமாக இருந்தது, ஒரு கரண்டி வைத்து வழித்து எடுத்த மாதிரி, புறங்கையில் எலும்புகளுக்கு நடுவே தோல் மட்டும் உள்வாங்கி ஓடியது. இவ்வளவா? போன வருஷம் இப்படி இல்லையே, இருந்ததா, எப்போது ஆனது இது, தினமும் ஒரே மேசையில்தானே சாப்பிடுகிறோம், எதிர் எதிரே... எட்டு மாதமாகத் தட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டிருக்கிறாள். அந்தக் கையைப் பார்த்தால் தன் கை தெரியும் என்று. இப்போது தெரியவில்லை, இது அப்பாவின் கை, அவருடையது மட்டும், பஸ் நேராகியும் அவர் கம்பியிலிருந்து அதை எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லையா, வேண்டாம் என்று விட்டாரா, கேட்கலாமா, கேட்டால் என்ன சொல்வார்... அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.