ஒளி புகாத இடுக்கு

கணவர் அடித்த கத்தி அலகுகளில் கைப்பிடிக்காரி கண்ட குறை ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் இரண்டு மாதமாக ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அலகு அடிப்பது கொல்லரின் வேலை. அதன் பின்புறக் காம்பை மரத்துக்குள் செருகிக் கைப்பிடி பொருத்துவது அவளுடைய வேலை. அலகும் மரமும் சந்திக்கும் இடத்தில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. பிசின் ஊற்றுவதற்கு முன் கத்தியைச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். அலகுக்கும் தகட்டுக்கும் இடையே மயிரிழை அளவு ஒளி தெரிந்தாலும் போதும், கத்தி பட்டறைக்கே திரும்பிவிடும்.

மலையில் சிக்கியவர்களை மீட்கும் குழுவுக்குப் பன்னிரண்டு கத்திகள். குழுத் தலைவர் அவளுடைய அண்ணன். மறுநாள் விடியலில் குழு மலையேறவேண்டும். பன்னிரண்டும் மேசைமேல் மினுமினுவென்று வரிசையாகக் கிடந்த வேளையில், மாதிரிக்காக முன்பே வாங்கிச் சென்ற கத்தியுடன் அண்ணன் வந்து நின்றார். கத்தியுடன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு கையில் அலகு இருந்தது. மறு கையில் கைப்பிடி இருந்தது.

"விறகு பிளந்தேன். மூணாவது அடியில கழண்டுடுச்சு" என்றார்.

"கழலலண்ணா, ஒடிஞ்சிருக்கு. என்னங்க! கொஞ்சம் இங்க வாங்க. ஏனோதானோன்னு பதம் போட்டா இப்படித்தான்!"

கொல்லர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மச்சான், அது மரத்தோட கோளாறு."

"மரத்துல ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்! என் கைப்பிடி கல்லாட்டம் இருக்கு. உங்க இரும்புதான் பல்லை இளிக்குது."

"உங்க சண்டையை அப்புறம் வெச்சுக்கோங்க" என்றார் அண்ணன். "கயித்துல ஒருத்தன் தொங்கும்போது இது ஒடிஞ்சிருந்தா நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

கைப்பிடிக்காரி ஒடிந்த அலகைச் சன்னலோரம் கொண்டுபோனாள். அகன்ற அலகு குறுகிக் காம்பாகும் உள்மூலையில்தான் முறிவு தொடங்கியிருந்தது. அங்கே கோடு போல ஒரு துரு, முன்பே விரிசல் விட்டிருந்ததன் அடையாளம். மற்ற இடமெல்லாம் புது இரும்பின் பளபளப்பு. அந்த மூலை சதுரமாக, கூர்மையாக அராவப்பட்டிருந்தது; இரும்பில் விரிசல் பிடிக்க அது போதும். முதலில் கொல்லர் அதை வளைவாகத்தான் விட்டிருந்தார். அந்த வளைவு இடித்ததால் தகடு ஒட்டி உட்காரவில்லை, ஒளி தெரிந்தது. மூலையைச் சதுரமாக்கச் சொன்னவள் யார் என்று அவளுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார் கொல்லர்.

"வளைவா இருந்துச்சே. அப்படியே விட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா நீங்க?"

"விட்டேனே! ஒன்பது தடவை திருப்பி அனுப்பினது யாரு?"

"நான் ஆயிரம் சொல்வேன். இரும்பைப் பத்தி எனக்கென்ன தெரியும்? முடியாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கணும்?"

"முடியாதுன்னு, உன்கிட்ட?" கொல்லர் மைத்துனர் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்க ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்."

அண்ணன் கூரையைப் பார்த்தார். பிறகு, "பன்னிரண்டும் இதே மாதிரிதானா?" என்று கேட்டார். கொல்லர் மெல்லத் தலையாட்டினார். "சரி. நாளைக்குப் பழைய கத்திங்களோடவே போறோம். இதுங்களை ஒழுங்கு பண்ணி வைங்க, மாப்பிள்ளை."

அவர் போனதும் கைப்பிடிக்காரி உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். பிசின் இறுகிய கைப்பிடியை உருவ முடியாது, பிளக்கத்தான் வேண்டும். இழைத்து இழைத்துக் கண்ணாடியாக்கிய மரம் முதல் அடியிலேயே இரண்டாயிற்று. ஒவ்வோர் அடிக்கும் ஒரு வசவு விழுந்தது: மரத்துக்கு, பிசினுக்கு, கணவருக்கு, இறுதியில் சன்னலுக்கு.

கொல்லர் உருட்டு அரத்தால் ஒரு மூலையை வளைவாக்கி நீட்டினார். அவள் தகட்டைக் கோத்துச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இடுக்கில் நூலளவு ஒளி தெரிந்தது. அவள் வாய் திறந்தது. கொல்லர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"என்ன வேடிக்கை? அடுத்ததை அராவுங்க!" என்று எரிந்துவிழுந்தாள்.