மூன்றாவது ராக்கெட்

ராக்கெட் கேசரித் தட்டில் தலைகுப்புறக் குத்தி நிற்கிறது, வால்பக்கம் இன்னும் புகைகிறது, மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் ஒரு முந்திரி ஒட்டியிருக்கிறது, அதை எடுத்துவிட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை, கண்ணை மூடினால் நாச்சிமுத்துவுக்கு எட்டு மாதம் கழித்தும் இந்தக் காட்சிதான் முதலில் வந்து நிற்கும், பக்கத்து வீட்டு லோகநாயகியின் மகளைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் எதிர்த்திசை பார்த்து நிறுத்தினார், ராக்கெட்டுக்குத்தான் அது தெரியவில்லை, மூன்றடி எழும்பி, யோசித்து, திரும்பி, சுவரைத் தாண்டி, நேரே பந்திக்குப் போய்விட்டது, சகுனம் சரியில்லைங்க என்று மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேடினார்கள், பாதிப்பேர் ஜோடி மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், துணி சுற்றி வரும் அட்டைக்குழாய்கள் கம்பெனிக்குக் குப்பை, அவருக்கு ராக்கெட், மெல்லிய குழாயாகப் பொறுக்கி உடம்பு, பனியன் பெட்டி அட்டையில் இறக்கை, வெட்டி விழுந்த துணியில் பாராசூட், நூல் சுற்றி வரும் காகிதக் கோன்தான் மூக்கு, தபாலில் வரவழைக்கும், மருந்தடைத்த மோட்டார் ஒன்றைத் தவிர எதற்கும் கைக்காசு கிடையாது, முதல் ராக்கெட் கோழியைத் துரத்தியது, அதைக்கூடச் சிரித்துக் கடந்துவிட்டார்கள், இரண்டாவதுதான் கேசரி. அன்றோடு லோகநாயகி, அவர் மனைவி துளசிமணியிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள், பதினெட்டு வருஷமாகச் சுவருக்கு மேலே கறிவேப்பிலையும் பிரஷர் மாத்திரையும் ஊர் வம்பும் கைமாறிக்கொண்டிருந்த சிநேகிதம், துளசி திட்டியிருந்தால் தேவலை, அவள் திட்டவில்லை, சாயங்காலமானால் காபித் தம்ளரோடு சுவரோரம் போகிறாள், நிற்கிறாள், ஆறிய காபியைக் குடித்துவிட்டு உள்ளே வருகிறாள், உங்க ராக்கெட்டு எங்கெங்கயோ போச்சுங்க, போறப்ப எங்கூடப் பேசற ஒருத்தியையும் தூக்கிட்டுப் போயிருச்சு, என்று ஒரே ஒருநாள் சொன்னாள்.

அதனால்தான் மூன்றாவது, இது நேராக மேலே போயே ஆகவேண்டும், போனால் லோகநாயகி மனசு இளகும் என்று ஒரு கணக்கு, கணக்கு சரியா என்று கேட்டால் அவருக்கே தெரியாது, ஆனாலும் வாசலில் போய் நின்று, ஞாயித்துக்கெழம காலைல குளத்து மைதானத்துல விடறேன், வரோணும் அம்மணி, என்று அழைத்துவிட்டு வந்தார், அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள், ஓங்கிச் சாத்தவில்லை என்பதை அவர் துளசியிடம் மூன்று தடவை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறது, வந்துவிட்டது, வறண்ட குளத்தில் ராக்கெட்டை நிறுத்தி வயரை இழுத்துக்கொண்டிருக்கிறார், துளசி பக்கத்தில் நிற்கிறாள், கரைமேல் லோகநாயகி வருகிறாள், கையில் மஞ்சப்பை, ஏன் வந்தாள் என்று கேட்குமுன் அவளே சொல்கிறாள், எங்க போய் உளுகும்னு பாத்துக்கிட்டா ஒதுங்கிக்கலாமுல்லங்ண்ணா. பையிலிருந்து எலுமிச்சம்பழமும் குங்குமமும் வெளியே வருகின்றன, புது வண்டி எடுத்தாப் பூசை போடாம ஓட்டுவாங்களா, அதுக்குத்தான் போன தடவ அப்பிடி ஆச்சு, உங்க மேல குத்தமில்லீங், என்கிறாள். நாச்சிமுத்து முப்பது வருஷமாகச் சாமி கும்பிடாதவர், கம்பெனி ஆயுத பூசையில் பொரிகடலையை மட்டும் வயிறாரத் தின்றுவிட்டுத் திருநீற்றுக்கு நெற்றியைக் காட்டாதவர், வாயைத் திறந்தார், துளசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள், வாயை மூடிக்கொண்டார், வைங்க அம்மணி, என்றார். கோனின் நுனியில் எலுமிச்சம்பழம் இறுகக் குத்தி நின்றது, இவ்வளவு கனத்தோடு இது எங்கே எழும்பப் போகிறது, போச்சு, எல்லாம் போச்சு, என்று நினைத்துக்கொண்டே பொத்தானை அமுக்கினார்.

நேராக, நூல் பிடித்த மாதிரி நேராக, தென்னைக்கு மேலே, பருந்துக்கு மேலே, அவர் கழுத்து வலிக்கிறது, அப்போதுதான் உறைக்கிறது, மூக்கு கனம், மூக்குக்குத்தான் இத்தனை நாள் கனம் போதவில்லை, தலைப்பக்கம் பாரம் வை என்று புத்தகத்தில் படித்திருந்தார், படித்தும் வைக்கவில்லை, ஒரு அங்குலத் துணியை மிச்சம் பிடித்தே பேர் வாங்கிய புத்தி, கிராம் கிராமாகச் சுரண்டிச் சுரண்டி, மூக்கைக் காற்றாக்கி, மூன்று ராக்கெட்டையும் அப்படியேதான் செய்திருந்தார், தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பார்த்தீங்ளாண்ணா, எல்லாம் எலுமிச்சம்பழம் பண்ணுன வேலை, என்று லோகநாயகி கத்துகிறாள், துளசி எப்போதோ அவள் கையைப் பிடித்துவிட்டிருக்கிறாள், பிடித்தபடியே அவரைப் பார்க்கிறாள், விளக்கம் சொல்லித் தொலைச்சிடாதீங்க என்று கெஞ்சுகிற பார்வை, தலைக்கனம், ஈர்ப்பு மையம், எல்லாம் அவர் நாக்கு நுனியில் வரிசையாக நிற்கின்றன, விழுங்கினார், ஆமாங்க அம்மணி, எலுமிச்சம்பழந்தானுங்க, என்றார், அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதில் அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பனியன் துணிப் பாராசூட் ரப்பராக இழுபட்டு, ஆடி ஆடி, ராக்கெட் இறங்கிக்கொண்டிருந்தது, அது எங்கே விழும் என்று அவர் மட்டும்தான் பார்த்தார், அவர்கள் இருவரும் எட்டு மாத வம்பைப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.